தலைக்கு இவ்வளவு என்றால் போதுமா?

(தியாகராய நகரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னடா, எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு ஜீன், செல்லுன்னு பேச வந்துட்டே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பக்கத்திலிருக்கும் ரங்கநாதன் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் அங்கே வந்தவர்கள் செலவழித்த பணத்தையெல்லாம் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஒரு தொகை வரும். சரியாக அந்தத் தொகையைச் செலவழித்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பட்டுப்புடவை வாங்கினவரும் ஹேர்பின் வாங்கினவரும் சராசரியில் கரைந்துபோவார்கள்.

உடலின் செல்களையும் வெகுகாலம் இப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். எந்த ஜீன் வேலை செய்கிறது என்பது அதிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வைப் படித்தால்தான் தெரியும். அதற்காக ஏராளமான செல்களை மொத்தமாகக் கரைத்தார்கள். கிடைத்தது சராசரி. 2009இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழு, ஒற்றை எலிச் செல்லின் ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்திக் காட்டியது. 2015இல் ஒவ்வொரு செல்லையும் ஒரு நுண்துளியில் அடைத்து, அதன் ஆர்.என்.ஏ.வுக்குத் தனி பார்கோடு ஒட்டும் முறை வந்தது. ஆயிரக்கணக்கான செல்களை ஒரே சமயத்தில் எண்ண முடிந்தது.

ஆனால் எண்ணினால் மட்டும் போதாது. செல், தான் எடுத்த படியை அப்படியே உபயோகிப்பதில்லை. சில துண்டுகளை வெட்டியெறிந்து மீதியை ஒட்டுகிறது. இதுதான் ஸ்ப்ளைசிங். 1977இல் இதைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸும் ஃபிலிப் ஷார்ப்பும் 1993இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் ரத்தத்தின் டி செல்களில் சி.டி.45 என்ற புரதம் உண்டு. கிருமியை இன்னும் சந்திக்காத செல்லில் அது நீளம்; சந்தித்து நினைவு வைத்திருக்கும் செல்லில் குட்டை. ஜீன் ஒன்றே, வெட்டுதான் வேறு.

இங்கேதான் எஞ்சினியர் வருகிறான். பார்கோடு முறையில் பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையைத்தான் படிக்கிறோம். தொலைவில் நடந்த வெட்டு தப்பிவிடும். முழு நீளமும் படிக்கலாம்; செலவு ஏறும், செல் குறையும். அதோடு, செல்லிலுள்ள ஆர்.என்.ஏ.வில் ஒரு பகுதிதான் கருவியில் சிக்கும். 'காணோம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. சிக்னலையும் இரைச்சலையும் பிரிப்பது நம்ம தொழில் அல்லவா?

2024இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆசியர் 474 பேரின் சுமார் பத்து லட்சம் ரத்தச் செல்களில் ஸ்ப்ளைசிங்கைப் பார்த்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும், இனத்துக்கு இனம், வித்தியாசங்கள் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை குறிப்பிட்ட செல் வகைகளில் மட்டுமே இருந்தன. ஆசியரிடம் காணப்படும் ஒரு மரபு மாற்றம், கிழக்காசியரின் கிரேவ்ஸ் தைராய்டு நோயோடு தொடர்புடையதாகவும் தெரிகிறது. ஐரோப்பியர் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

2025இல் வெளியான ஆசிய நோயெதிர்ப்பு அட்லஸில் இந்தியாவும் சிங்கப்பூர் இந்தியரும் உண்டு. ஆனால் ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து 619 பேர்தான். தமிழ்நாட்டில் மட்டும் நாம் ஏழு கோடிக்கு மேல். நம் வீட்டு நோய்களுக்கான விடை பிறர் ரத்தத்தில் தானாக வந்து கிடைக்காது.

தம்பி தங்கைகளே, ப்ராஜெக்ட் தேடும்போது உயிரியல் துறைக்காரர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களிடம் கேள்விகள் இருக்கின்றன. உங்களிடம் கணக்கு இருக்கிறது. இரண்டும் சேரட்டும்.