ஜீப்பை உயர்த்தினார்கள், பிரேக் ஹோஸை மறந்தார்கள்

(தோட்டச் சாரதிகளுக்கும் வேர்க்‌ஷொப் தொழிலாளர்களுக்கும் நடந்த பாதுகாப்புப் பயிற்சி நாளில், எமது சாரதிகள் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



பிரேக்கைப் பற்றிப் பேசுவதற்குச் சாரதிகளைக் கூப்பிட்டது சரி, கொழுந்து எடுக்கிற எங்களை ஏன் கூப்பிட்டீர்கள் என்று காலையில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வாகனத்தை ஓட்டுகிறவர் ஒருவர். பின்னால் சாக்கோடும் கூடையோடும் நிற்கிறவர்கள் நீங்கள். பிரேக் விட்டுப் போனால் முதலில் தூக்கி வீசப்படுகிறவர்களும் நீங்கள்தான். அதனால்தான் எல்லோரையும் கூப்பிட்டோம்.

மலைநாட்டுச் சரிவு எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் சரிவில் வந்த பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதியதில் 7 பேரை இழந்தோம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இன்று எங்கள் டிவிசனில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். மேல் மலைக்குப் போகும் பாதை முழுக்கக் கல்லும் குழியும். ஜீப்பின் அடிப்பகுதி பாறையில் தட்டுகிறது என்று, ஸ்பிரிங்குக்கு மேலதிகத் தட்டுகள் வைத்து, நீளமான ஷக்கிள் போட்டு, நான்கு அங்குலம் உயர்த்தினார்கள். பெரிய டயரும் போட்டார்கள். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பாறை தட்டவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சேஸியிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.

மழை பெய்த ஒரு சாயங்காலம். பதினொரு பேருடன் ஜீப் இறங்கி வந்தது. பின் சில்லு ஒரு குழிக்குள் தொங்கியபோது ஹோஸ் இழுபட்டுப் பிய்ந்தது. அது பழைய ஜீப். நான்கு சில்லுகளுக்கும் ஒரே பிரேக் சுற்று. ஓரிடத்தில் பிய்ந்தால் எல்லாம் போய்விடும். பெடல் தரைக்குப் போனது. சாரதி கியரைக் குறைத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மேட்டுப் பக்கம் சாய்த்து நிறுத்தினார். இரண்டு பேருக்குக் கை முறிந்தது. உயிர் தப்பினோம்.

மறுநாள் விசாரணையில் “சாரதி வேகமாக வந்தார்” என்று எழுதினார்கள். வேலை நிறுத்திய கடிதமும் வந்தது. எமது தோட்டக் கமிட்டி ஒன்றைத்தான் கேட்டது: ஜீப்பின் கீழே படுத்துப் பாருங்கள். பிய்ந்த ஹோஸை எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு மாறியது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அன்று எங்களுக்கு வாகனத்தின் அடிப்பக்கம் தெரிந்திருக்காவிட்டால் அந்தச் சகோதரனின் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஒயிலைத் தள்ளுகிறது. சேஸி ஓரமாக ஓடும் இரும்புக் குழாய் வழியாக அந்த அழுத்தம் போகிறது. சில்லு மேலும் கீழும் ஆடும் இடத்தில் இரும்புக் குழாய் முறிந்துவிடும் என்பதால் அங்கே மட்டும் ரப்பர் ஹோஸ். வாகனத்தை உயர்த்தினால் சேஸிக்கும் அக்சிலுக்கும் இடையே தூரம் கூடுகிறது. ஹோஸ் எட்டாது.

அளவு பார்ப்பது எப்படி? சமதரையில் நிற்கும்போது பார்த்தால் ஏமாந்து போவோம். சேஸியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லுகள் முழுமையாகத் தொங்கும்படி விடுங்கள். முன் சில்லை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது, டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசக் கூடாது. உயரத்துக்கேற்ற நீள ஹோஸ் போட வேண்டும், அல்லது சேஸியில் ஹோஸ் பிடிக்கும் தகட்டை ஒழுங்காகக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். கம்பியால் இழுத்துக் கட்டிச் சமாளிக்கிற வேலை கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் இதே சோதனை.

சில வாகனங்களில் பின் அக்சிலிலிருந்து சேஸிக்கு ஒரு சிறு கம்பி போய், ஒரு வால்வைத் திருப்பும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அந்த வால்வின் வேலை. வாகனத்தை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், இருபது சாக்குக் கொழுந்து ஏற்றியிருந்தாலும் வெறும் வாகனம் என்றே வால்வு நினைக்கும். பின் பிரேக் பிடிக்காது. இதைப் பல கராஜ்களில் கவனிப்பதில்லை.

இரும்புக் குழாயையும் மறக்காதீர்கள். உரம் ஏற்றும் வாகனங்களில் உரத்தூளும் மழைநீரும் சேர்ந்து குழாயைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். துருவைச் சுரண்டிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். பிரேக்குக்கென்று செய்த இரும்புக் குழாய் அல்லது செப்பு நிக்கல் கலவைக் குழாய்தான் போட வேண்டும். வெறும் செப்புக் குழாய் அதிர்வில் வெடித்துவிடும். முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒட்டுப் போட்ட குழாயில் உயிரை நம்பக் கூடாது.

மாற்றும் வேலை இப்படி. சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், செங்கல்லும் வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சாதாரண ஸ்பேனர் நட்டின் மூலையைத் தின்றுவிடும். பிரேக் குழாய் நட்டை நன்றாகச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் ஸ்பேனர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தோட்டம் வாங்கித் தர வேண்டும். ஹோஸை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். செப்பு வொஷர் இருக்கும் இடத்தில் புதிய வொஷர் போடுங்கள். மரையில் டேப் சுற்றாதீர்கள். கிளிப்பைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று போய்விடும். ஒயிலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். அதனால்தான் காற்றுப் போன பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அந்த எயாரை எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

முதலில் டிரம் பிரேக்கின் ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் பண்ணுங்கள். எஞ்ஜினை நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் துடைத்துத் திறந்து, புது பிரேக் ஒயிலை நிரப்புங்கள். வாகனப் புத்தகம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குங்கள். நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதால் பெரும்பாலும் அது பின் இடது சில்லு. பிறகு பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. ஏபிஎஸ் உள்ள வாகனத்துக்குக் கம்பனி சொன்ன முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

நிப்பிளில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஒயில் விட்ட போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். கீழே இருப்பவர் “அமுக்குங்க” என்பார். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொண்டு “பிடிச்சிருக்கேன்” என்பார். நிப்பிளைத் திறந்தால் ஒயிலும் குமிழியும் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் “விடுங்க” என்று சொல்ல வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். குமிழி இல்லாமல் சுத்தமான ஒயில் வரும்வரை இதைச் செய்யுங்கள். இடையிடையே டாங்கியைப் பாருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வாகனத்தில் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே துருப்பிடித்த இடத்தில் ரப்பர் கிழியும்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். தாழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. எஞ்ஜினைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். பிறகு ஆளில்லாமல், சமதரையில், நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஆட்களை ஏற்ற வேண்டும்.

பிரேக் ஒயில் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒயில் என்று பெயர் இருப்பதால் சிலர் அவசரத்துக்கு எஞ்ஜின் ஒயிலை ஊற்றுகிறார்கள். அது உள்ளே இருக்கும் ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும். வாகனத்துக்குச் சொல்லப்பட்ட டொட் 3 அல்லது டொட் 4 மட்டும்தான். இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். மழையும் பனியும் உள்ள நம் மலைகளில் மூடி திறந்து கிடந்த போத்தலைத் தொடாதீர்கள். போத்தலில் சேர்ந்த பழைய ஒயிலையும் திரும்ப ஊற்றாதீர்கள்.

கொதித்தால் என்ன ஆகும்? ஒயில் ஆவியாகும், ஆவியும் காற்றுப்போல நசுங்கும், பெடல் தரைக்குப் போகும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டோம். நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கண்டி சுமார் 500 மீட்டர். 2 டன் எடையுள்ள வாகனம் 1,300 மீட்டர் இறங்கும்போது விடும் சக்தி, 70 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். லயத்து வீடுகள் பலவற்றின் தேத்தண்ணிக்கு வைக்கும் சூடு அது. முழுவதையும் பிரேக்கிடம் கொடுத்தால் அது தாங்காது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், எஞ்ஜின் வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு எஞ்ஜினை நிறுத்தி இறங்குவது கொலைக்குச் சமம். எஞ்ஜின் நின்றால் பெடலுக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும்.

தாய்மார்களே, பின்னால் ஏறுகிற நீங்கள் பார்க்கக்கூடியவையும் உண்டு. டயரின் உள்பக்கம் ஈரமாக ஒழுகியிருக்கிறதா? இறங்கியதும் ஒரு சில்லில் மட்டும் கடுமையான சூடோ கருகல் நாற்றமோ வருகிறதா? பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுக்கிறதா? சாரதி இரண்டு மூன்று முறை பெடலைக் குத்திக் குத்தி மிதிக்கிறாரா? இதில் ஒன்றைக் கண்டாலும் ஏறாதீர்கள். தலைவரிடம் சொல்லுங்கள். சாரதித் தம்பியைத் திட்ட வேண்டாம். அவர் இரண்டு முறை சொல்லியும் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

எமது கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பிரேக் புத்தகம் வேண்டும். ஹோஸ் மாற்றிய திகதி, ஒயில் மாற்றிய திகதி, குறை சொன்னவர் பெயர், அதைப் பார்த்த அதிகாரியின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாகனத்தை உயர்த்தினால், பெரிய டயர் போட்டால், பிரேக் சோதிக்கப்படும்வரை அதில் ஆள் ஏற்றக் கூடாது. பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுத்த சாரதியின் அன்றைய பேரை வெட்டக் கூடாது.

அப்படியும் விபத்து நடந்தால், முதலில் காயப்பட்டவர்களைப் பாருங்கள். பிறகு பிய்ந்த ஹோஸையும் உடைந்த குழாயையும் அப்படியே படம் எடுங்கள். பழுதான பாகம் காணாமல் போக விடாதீர்கள். வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க வழி இருக்கிறது. கமிட்டியிடம் உடனே வாருங்கள்.

அன்று மேசையில் வைத்த அந்த ஹோஸை இன்றும் கொண்டுவந்திருக்கிறோம். கையில் வாங்கிப் பாருங்கள். எவ்வளவு சின்னப் பொருள். இதை மாற்ற ஆன செலவை விட இரண்டு பேரின் கைக்கு ஆன பஸ் காசே கூட. தேநீருக்குப் பிறகு வெளியே நிற்கிற ஜீப்பில் எயார் எடுத்துக் காட்டுவோம். பெண்களும் வாருங்கள். பெடலை மிதிக்க ஒருவர் வேண்டும்.