கிளட்ச் வழுக்கினா இறுக்காதீங்க

தா.பழூர் பக்கம் வயல்ல ஓடுற பம்ப்செட்டைப் பாருங்க. போல்ட் பிடிக்கிற துளைகளுக்குள்ள மரை இருக்கும். அந்த மரையை வெட்டுறது டேப். சாதாரண எம்6 மரைக்கு முதல்ல 5 மி.மீ. துளை போட்டு, அதுக்குள்ள டேப்பை இறக்குவாங்க.

அடி மூடின துளையில துகள் அடைச்சா டேப் இறுகும். கடினமான எஃகு, வளையாது, உடைஞ்சிடும். துளைக்குள்ள மாட்டுன துண்டை எடுக்குறது பெரும்பாடு.

அதனாலதான் தானியங்கி மெஷின்ல கிளட்ச். வெச்ச அளவைத் தாண்டி முறுக்குவிசை ஏறினா கிளட்ச் வழுக்கும். மெஷின் சுத்தும், டேப் நின்னுடும். எம்10-க்கு வெச்ச அளவுலயே எம்3 டேப் போட்டா இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அடிக்கடி வழுக்குதுன்னு கிளட்ச்சை இறுக்காதீங்க. டேப் மழுங்கிடுச்சா, துளை சின்னதா, எண்ணெய் போதுமான்னு பாருங்க. சர்வர் அலர்ட்டும் அப்படித்தான்: அணைச்சா சத்தம்தான் போகும், லோடு போகாது.