குருதிப் புற்றும் பாசுடன் ஆய்வும்

பிணங்களை அறுத்து நோயின் வேர் தேடுபவர் உயிருள்ள குழந்தைக்கு மருந்து கொடுக்கத் துணிந்தால், மருத்துவர் சிலர் முகஞ்சுளித்ததில் வியப்பென்ன? ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாசுடன் குழந்தை மருத்துவமனையின் நோயியல் அறிஞர் சிட்னி பார்பரே அவர்.

குருதிப் புற்றுற்ற குழந்தைகள் அந்நாளில் சில திங்கள்களுக்குள் மாண்டனர். கீரையிலுள்ள ஊட்டப்பொருளாகிய ஃபோலிக் காடியைக் கொடுத்தபோது நோய் மேலும் விரைந்து வளர்வதைப் பார்பர் கண்டார். கொடிய காட்சிதான், ஆயின் வழியும் அதிலேயே இருந்தது. ஊட்டினால் வளர்வது, ஊட்டத்தைத் தடுத்தால் ஒடுங்குமன்றோ? ஃபோலிக் காடியைப் போலவே உருக்கொண்டு, அதன் இடத்தைப் பற்றிக்கொண்டு, உயிரணுக்களைப் பெருகவொட்டாமல் தடுக்கும் அமினோப்டெரினை, இலெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு ஆக்கித் தந்தது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1948-இலேயே மறைந்தார்; உரிய புகழ் அவரைச் சேரவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது.

அவ்வாண்டு சூனில் அறிக்கை வெளிவந்தது. மருந்துண்ட 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிவு நிலையற்றது என்பதைப் பார்பர் மறைக்கவில்லை, தலைப்பிலேயே எழுதினார். நோய் மீண்டது. பின்வந்தோர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, அந்தத் தணிவை நீட்டினர். மருத்துவ வாய்ப்பு நிறைந்த நாடுகளில் இன்று இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டு அம்மருந்துகளுள் இன்றும் ஒன்று.