ஒற்றைத் தூணில் வீடு நில்லாது
(கூட்டுறவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு குடும்பம் பல தொழில்களைச் செய்வது பின்தங்கிய நிலையின் அடையாளம் என்று திட்டம் தீட்டுவோர் சிலர் கருதுகின்றனர். நமது குடாநாட்டின் வரலாறு அதற்கு மாறான பாடத்தையே புகட்டுகின்றது.

ஆறில்லாத நாடு இது. சுண்ணக்கற்பாறையிற் கிணறு வெட்டிப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தோம். பனையிலிருந்து ஒடியலும் பனாட்டும் பாயும் பெட்டியும் பெற்றோம். முதுசமும் சீதனமும் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட, பல குடும்பங்களுக்குச் சில பரப்புக் காணியே எஞ்சியது. ஆகவே, ஒரு மகன் மண்வெட்டி எடுத்தான். மற்றவன் ஆங்கிலம் கற்றுக் கொழும்புக்கோ மலாயாவுக்கோ உத்தியோகம் பார்க்கச் சென்றான். அவன் அனுப்பிய மணியோடர் கிணற்றை ஆழமாக்கியது; தோட்டத்து வருவாய் தம்பியின் படிப்புச் செலவாயிற்று.

இத்தூண்களுள் அடிபடாதது எது? 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் உத்தியோகத்தைத் தாக்கியது. 1970களில் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலை ஒடுக்கியது. அதே காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை கண்டன. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த ஆதாயத்தையும் பறித்தது. 1990இல் போரினால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண்ணைவிட்டு விரட்டப்பட்டனர். ஒரு தூண் சரிந்தபோதெல்லாம் குடும்பத்தைத் தாங்கியவை எஞ்சிய தூண்களே!

இன்று பல வீடுகள் வெளிநாட்டுப் பணம் என்னும் ஒற்றைத் தூணில் நிற்கின்றன. அந்தப் பணம் வருகின்றதென்று கிணற்றைத் தூர்ந்துபோக விடலாமா? அத்தூணும் இல்லாத வீடுகளின் நிலை என்ன? போரிலே கணவனை இழந்த தாய் காலையிற் கூலிக்குப் போகிறாள், மாலையிற் கோழி வளர்க்கிறாள், இரவிலே தைக்கிறாள். தொழில்கள் மூன்று, வருவாயோ நுண்கடன் தவணைக்கே போகின்றது. 2018இல் வறட்சிப் பகுதிப் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. விரும்பிப் பெருக்கிய தொழில் வேறு. கடன்காரனுக்கு அஞ்சிப் பெருக்கிய தொழில் வேறு!

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. படையினர் வசம் எஞ்சியுள்ள மக்கள் காணிகள் உரியவர்களிடம் மீளவேண்டும். தொழில் தொடங்கக் குறைந்த வட்டிக் கடன், பெண்களின் கையெழுத்தையும் மதித்து, கிராமத்திலேயே கிடைக்கவேண்டும்.

முன்னையது அரசின் கடன். பின்னையது நம் கையிலும் உள்ளது. 1970களில் மரமேறும் தொழிலாளர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுகூடித் தம் கள்ளைத் தாமே விற்கத் தொடங்கினர். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? கிராமந்தோறும் சங்கங்களைப் பலப்படுத்துவோம். பல தூண்களில் நம் வீடுகளை நிறுத்துவோம்!