கைக்கு வரும் கெண்டை



மீன் என்றதும் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது சந்தை. ஓராவும் விளைமீனும் பாரையும் கூறு கூறாகக் கிடக்கும். ஒரு கூறில் பத்து மீன் இருந்தால் பத்தும் ஒன்றுதான். செவுளைத் தூக்கிப் புதிதா பழசா என்று பார்ப்போமே தவிர, இது துணிந்த மீனா, அது கூச்சம் உள்ள மீனா என்று எவரும் கேட்பதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு எங்களுடையது. வழுக்கையாறு மாரியில் ஓடி அடங்கிவிடும். குளங்கள் பலவும் சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும். ஆகவே, கடற்றொழிலாளர் நீங்கலாக, உயிரோடு இருக்கும் ஒரு மீனின் முகத்தை நாள்தோறும் பார்த்திருக்கும் வாய்ப்பு எங்களிற் பலருக்குக் கிடைத்ததில்லை.

அண்மைக் காலத்தில் வீட்டு முற்றங்களில் சிமெந்துத் தொட்டி கட்டி வண்ணக் கெண்டை வளர்க்கும் வழக்கம் இங்கும் வந்திருக்கிறது. 'கோய்' என்று கடைக்காரர் சொல்லுவார். யப்பானிய மொழியில் கோய் என்றால் கெண்டை, அவ்வளவுதான். காதல் என்ற பொருளிலும் அதே ஒலியுடைய சொல் ஒன்று அந்த மொழியில் உண்டு என்பதைத் தமிழ் படிப்பிக்கிறவன் சொல்லாமல் விட்டால் நன்றாக இராது.

யப்பானின் நீகாத்தா மாகாணத்து மலைக்கிராமங்களில், நெல் விளைவிக்கும் உழவர்கள் பனிக்காலத்து உணவுக்காகக் கரிய கெண்டைகளை வளர்த்துவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுக்கிடையே சிவப்பும் வெள்ளையும் கலந்த குஞ்சுகள் சில தோன்றின. உழவர்கள் அவற்றைச் சட்டியில் இடாமல் தனியே பேணினார்கள். 1914இல் ரோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் இந்த மீன் நாடெங்கும் அறியப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் திகதி அந்த மலைப்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. யமகோஷி என்ற கிராமம் முழுவதுமே வெளியேற்றப்பட்டது. குளங்கள் உடைந்து மீன்கள் பெருந்தொகையாக அழிந்தன. எஞ்சியவற்றுட் சிலவற்றை ஹெலிகொப்டரில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து புறப்படும்போது, மாட்டைக் கட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இந்தச் செய்தி வேடிக்கையாகத் தோன்றாது.

சரி, மீனைப் பழக்க முடியுமா?

குறுந்தொகையின் 91ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஔவையார் பாடியது. கரையிலே பிரம்புக் கொடி பின்னிக் கிடக்கிறது. அதன் பழம் முற்றி ஆழமான நீரில் விழ, அங்கே இருக்கும் கெண்டை அதைக் கவ்விக்கொள்கிறது. எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் வயலோரத்து மாமரத்தைக் காட்டுகிறார். கனி விழுகிறது, வாளை கவ்வுகிறது. முயற்சி இன்றியே இன்பம் பெறும் தலைவனுக்கு உள்ளுறையாக இவற்றை வகுப்பிலே விளக்குவோம். அது சரியே. ஆனால் தொட்டிக்கரையில் சில காலம் இருந்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தக் கெண்டை தற்செயலாக அங்கே வந்ததல்ல. பழம் எங்கே விழும் என்று அதற்குத் தெரியும். பழக்குவது என்பதன் பாதிப் பாடம் இதிலேயே இருக்கிறது. இடம் மாறக்கூடாது, நேரம் மாறக்கூடாது, பழம் விழுவதுபோல அமைதியாக விழவேண்டும்.

தாமிரபரணிக் கரையில் பாபநாசத்துப் படித்துறைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பொரி தூவினால் மீன்கள் படியோரத்துக்கு வந்து மொய்க்கும். சிருங்கேரியில் துங்கை நதியிலும் அப்படியே. அங்குள்ளவை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீன்கள். கோயில் துறை என்பதால் எவரும் பிடிப்பதில்லை. அந்தத் துறையில் பயமின்மை ஒரு பரம்பரைச் சொத்துப்போல ஆகிவிட்டது. மீன் எங்களை நேசிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அது அந்தப் படியை நம்புகிறது.

வீட்டுத் தொட்டியில் இந்த நம்பிக்கையை உண்டாக்கச் சில வாரங்கள் போதும், சில மீன்களுக்கு. கெண்டைக்கு இரைப்பை இல்லை. ஒரேயடியாகக் கொட்டினால் அதற்குப் பயன்படாது, தண்ணீரும் கெடும். சிறிது சிறிதாக, நாளைக்கு இரண்டு மூன்று முறை போடுவது நல்லது. முதல் நாட்களில் போட்டுவிட்டு விலகி நிற்கவேண்டும். பின்னர் விலகாமல் இருக்கவேண்டும். பிறகு குந்தியிருந்து, கையைத் தண்ணீருக்குள் வைத்து, விரல்களுக்கிடையில் தீனியைப் பிடித்தபடி அசையாமல் இருக்கவேண்டும். கையை மேலேயிருந்து இறக்கக் கூடாது. மேலேயிருந்து வரும் நிழல் மீனின் கணக்கில் கொக்கு. கெண்டையின் வாயோரத்தில் இரண்டு சோடி மீசை உண்டு, அவை சுவை அறிவன. கையை முதலில் அந்த மீசையால் தொட்டுப் பார்த்து, பிறகுதான் வாயால் உறிஞ்சும். பல் குத்தாது. அதன் பல் தொண்டைக்குள் இருக்கிறது.

ஓசைக்கும் பழகும். கார்ல் வொன் ஃபிரிஷ் என்ற ஒஸ்ரிய அறிஞர், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னாளில் 1973இல் நோபல் பரிசு பெற்றவர், சீழ்க்கை அடித்தால் வரும் பார்வையற்ற கெளிறு ஒன்றைப் பற்றி 1923இலேயே எழுதினார். மீனுக்குக் காது கேளாது என்று பலர் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. கெளிற்றுக்கும் கெண்டைக்கும் காற்றுப்பையிலிருந்து உட்செவிவரை சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோல் அமைந்து ஒலியைக் கடத்துகின்றன. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸில் ஏவா சேஸ் என்பவர் மூன்று கோய் மீன்களுக்கு மேலைநாட்டுச் செவ்வியல் இசையையும், 'புளூஸ்' எனப்படும் கறுப்பின மக்களின் இசையையும் பிரித்தறியப் பழக்கிக் காட்டினார். தோடியையும் கல்யாணியையும் பிரிக்குமோ என்று கேட்காதீர்கள். சபையில் முன்வரிசையில் இருக்கும் எல்லோராலும் அது முடிகிறதா?

இதே வொன் ஃபிரிஷ் 1938இல் இன்னொன்றையும் எழுதினார். கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன் ஒன்றின் தோலில் காயம் பட்டால், அதிலிருந்து ஒருவகைப் பொருள் நீரில் கலந்து, அதை உணரும் மற்ற மீன்கள் எல்லாம் அஞ்சி ஓடுகின்றன. வலையைப் போட்டு ஒன்றைத் துரத்திப் பிடித்தால், பல வாரத்துப் பழக்கம் ஒரு நொடியில் போவது இதனாலும்தான்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். எல்லா மீனும் ஒன்றுபோல் வருவதில்லை.

எங்கள் தொட்டியில் ஐந்து மீன்கள் விட்டோம். சிவப்பு வெள்ளை இரண்டு, முப்புள்ளி நிறத்தது ஒன்று, கருமை படர்ந்த வெண்மீன் ஒன்று. ஐந்தாவது, யப்பானியர் 'சாகோய்' என்பது. 'சா' என்றால் தேயிலை. நிறமும் பழைய தேத்தண்ணியின் நிறம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எவரும் அதைப் பார்த்து அழகென்று சொன்னதில்லை. ஆனால் பத்தாம் நாள் கைக்கு வந்தது அதுதான். இது எங்கள் தொட்டியின் விசேடமல்ல. சாகோய் கெதியாகப் பழகும், மற்றவை அதைப் பார்த்து வரும் என்பது கோய் வளர்ப்போர் எங்கும் சொல்வது. குளத்துக்கு ஒன்று விடுங்கள் என்பது அவர்களின் அறிவுரை. எங்கள் வீட்டிலும் முப்புள்ளி மீன் அதன் பின்னால் வந்தது. சிவப்பு வெள்ளை இரண்டும் ஒரு மாதம் கழித்து. கருமை படர்ந்தது மட்டும் அடியில், குழாயின் நிழலில். மாணவன் ஒருவன் பார்த்துவிட்டு, "சேர், அது மக்கு மீன்" என்றான்.

மக்குத்தானா? கெண்டைகளிடையே துணிவுக்காரர், தயங்குவோர் என்ற வேறுபாடு நிலையாக இருப்பதை மேனாட்டு ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். புதிய இடத்தை முதலில் சுற்றிப் பார்க்கும் மீனே, குறைவான தீனி போடும்போது முதலில் அதை அடைகிறது. நெடுங்காலம் மனிதர் கையில் வளர்ந்த இனம், காட்டுத்தன்மை குன்றாத இனத்தைவிடத் துணிவு கூடியது. ஆனால் தூண்டில் போட்டால் முதலில் மாட்டுவதும் அந்தத் துணிந்த இனமே. ஒல்லாந்தில் பியூக்கெமா என்பவர் 1970இல் எழுதியது இதிலும் சுவையானது. ஒருமுறை தூண்டிலில் அகப்பட்டு விடப்பட்ட கெண்டை, ஓராண்டு அளவுக்குக்கூடத் தூண்டிலைத் தவிர்க்கிறது. துணிவும் அச்சமும் பிறப்பிலே பாதி, பட்டதிலே பாதி. முதற் சத்தத்திலேயே பதுங்குகுழிக்குள் இறங்கியவனையும், எட்டிப் பார்க்க மேலே நின்றவனையும் கண்ட தலைமுறை எங்களுடையது. எது மக்குத்தனம் என்று அவ்வளவு விரைவில் சொல்லிவிட முடியாது.

ஒரு மார்கழி விடியலில் கொக்கு வந்தது. சிவப்பு வெள்ளையில் சிறியதைக் கொண்டுபோயிற்று. தொட்டியில் பொரியைத் தேடி எப்போதும் மேலே நீந்திக்கொண்டிருந்தது அது. மிஞ்சிய நான்கும் அடியில் போய்க் கிடந்தன. இரண்டு கிழமை தீனியைக் கையாலே கொடுக்க முடியவில்லை. மிதக்கவிட்டுவிட்டு வந்துவிடுவேன், பின்னேரம் பார்த்தால் தின்று முடிந்திருக்கும். மேலே வலைக்கண்ணி விரித்துக் கட்டினோம். முதலில் எழுந்து வந்தது சாகோய். அதற்கு அடுத்தபடியாக நான் எதிர்பார்த்தது முப்புள்ளி. வந்ததோ அந்தக் கருமை படர்ந்த மீன். கைக்கு அல்ல. ஒரு முழம் தள்ளி நின்று, விரலிலிருந்து தவறி விழும் துணுக்கைக் கவ்வியது. ஔவையாரின் கெண்டைபோல, விழும் இடம் அறிந்து.

அதற்குப் பிறகும் அந்த ஒரு முழத்தை அது குறைக்கவில்லை. நானும் கையை நீட்டிப் பார்ப்பதில்லை. சாகோய்க்கு ஊட்டும்போது வேண்டுமென்றே இரண்டு துணுக்கை நழுவவிடுகிறேன்.