வேலம் முதல் ஊஸ்டர் வரை



1972ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஊஸ்டர் கல்லூரி, டாக்டர் மு. வரதராசனார்க்கு டி.லிட். என்னும் இலக்கியப் பேரறிஞர் பட்டத்தை வழங்கிச் சிறப்பித்தது. அப்போது அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மு.வ.வின் வாழ்க்கைக் குறிப்புகளில் இச்செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னே நாற்பதாண்டுப் பயணம் இருக்கிறது. அப்பயணம் கப்பலிலோ வானூர்தியிலோ தொடங்கியதன்று. வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் தொடங்கியது.

மு.வ. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தவர். வாலாசாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூர் அவரது இளமையோடு கலந்தது. திருப்பத்தூரில் பள்ளிப் படிப்பை முடித்ததும் வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. உடல்நலக் குறைவால் அவ்வேலை நிலைக்கவில்லை. கோப்புகளை விட்டுத் தமிழ் நூல்களைக் கையிலெடுத்தார். தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தின் முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் பெற்றார். திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல். தேர்வையும் முடித்தார். அவ்வாண்டே சென்னைப் பச்சையப்பன் கல்லூரி அவரை விரிவுரையாளராக ஏற்றது. தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆய்வுக்காக 1944இல் எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். கல்லூரி மாணவர் என்ற பெயரோடு நுழையும் வாய்ப்பு இல்லாதவர், ஆசிரியராகவே கல்லூரிக்குள் நுழைந்தார் எனலாம்.

1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளில் ஆய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்காக அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. தமிழ்க் கல்வி பெற்ற மதிப்பின் வரலாற்றில் மூன்று ஆண்டுகளை இங்கே வரிசைப்படுத்தலாம். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் உ.வே. சாமிநாதையர்க்கு டாக்டர் பட்டம் அளித்தது. அது ஏட்டுச்சுவடிகளைக் காத்த பெருந்தொண்டுக்கு வழங்கிய மரியாதை. 1948இல் தமிழாய்வே அப்பட்டத்தை உழைத்து ஈட்டியது. 1972இல் தமிழறிஞர் ஒருவரது வாழ்நாள் உழைப்பைக் கடலுக்கு அப்பாலுள்ள கல்லூரி ஒன்று மதித்தது. நாற்பதாண்டுகளில் ஏறிய மூன்று படிகள் இவை.

அம்முனைவர் பட்ட ஆய்வின் பொருள் ஆத்தூரார்க்கு அயலானது அன்று. ஊருக்குத் தென்மேற்கே நிற்கும் கொல்லிமலை சங்கப் புலவர்க்கு நன்கு அறிமுகமான மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. வன்பரணர் அவனைப் பாடினார். தலைவியின் அழகுக்குக் கொல்லிப்பாவையை உவமை கூறுவது அகப்பாடல்களின் வழக்கம். அப்பாடல்களில் மலையும் அருவியும் மலைக்காகவும் அருவிக்காகவும் மட்டும் நிற்பதில்லை. மாந்தர் உள்ளத்தைக் காட்டவே நிற்கின்றன. இயற்கை மனித வாழ்வுக்குப் பின்னணியாக அமைந்த இம்முறையைத்தான் மு.வ. திணை திணையாக ஆராய்ந்தார்.

அவ்வாய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, 1957இல் அச்சாயிற்று. ஏ.கே. இராமானுசனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளிவந்தது 1967இல்தான். சங்கக் கவிதையின்பால் மேலைநாட்டார் பெரிதும் கண் திருப்புவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, தமிழ் வித்துவான் ஒருவரின் ஆங்கில நூல் அப்பொருளைப் பேசிக்கொண்டிருந்தது. தமிழைப் பற்றித் தமிழரே பிறர் அறியும் மொழியில் சான்றோடு எடுத்துரைத்தது அந்நூலின் சிறப்பு.

பட்டம் வழங்கிய கல்லூரியைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். 1866இல் தோன்றிய ஊஸ்டர் கல்லூரி, ஒரு கல்விமுறையால் பெயர் பெற்றது. அங்கு இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஆசிரியர் ஒருவரின் துணையோடு தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, தாமே ஆராய்ந்து, ஆய்வேடு எழுதியாக வேண்டும். 1940களின் இறுதியிலிருந்து அம்முறை நடைபெற்று வருகிறது. தாமே கற்றலைப் போற்றும் கல்லூரி, தாமே கற்று உயர்ந்த அறிஞரைச் சிறப்பித்தது. தகுதியான இடத்திலிருந்து தகுதியானவர்க்கு வந்த மதிப்பு அது.

இங்கு ஒரு வினா எழலாம். வெளிநாட்டார் தந்தால்தான் பெருமையா? உள்ளூர் மாடு விலைபோகாது என்னும் பழமொழியை மெய்ப்பிக்கும் செய்திதானா இது? மு.வ.வைப் பொறுத்தவரை அப்படியன்று. அவரது திருக்குறள் தெளிவுரை 1949இல் வெளிவந்தது. சட்டைப் பையில் அடங்கும் அச்சிறு நூல், புலவர் வீட்டுப் பேழையில் இருந்த குறளை மளிகைக் கடைக்கும் பள்ளிச் சிறுவனின் பைக்கும் கொண்டு சேர்த்தது. அகல் விளக்கு 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் எழுதிய கடிதங்களாக அமைந்த நூல்களை எத்தனையோ இளைஞர்கள் தமக்கே வந்த கடிதங்களாகக் கருதிப் படித்தனர். ஊஸ்டரின் பட்டம் வருவதற்கு முன்பே தமிழ் வீடுகள் அவரை ஏற்றுக்கொண்டிருந்தன. உள்ளூர் அறியாத ஒருவரை அயலூர் கண்டுபிடித்த கதை அன்று இது.

அவரது புதினங்களில் கதையைவிட அறிவுரை மிகுந்திருக்கிறது என்னும் திறனாய்வு உண்டு. கலைநயம் கருதுவோர் கூறும் அக்குறையை முற்றிலும் மறுப்பதற்கில்லை. பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியரின் குரலிலேயே பேசுகின்றன. ஆயினும், படிக்கும் பழக்கமே இல்லாத வீடுகளுக்குள் புத்தகத்தை நுழைத்தவை அப்புதினங்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். ஒரே கையால் ஆங்கிலத்தில் ஆய்வும் எளிய தமிழில் கடிதமும் எழுதியவர் அவர். ஆய்வாளர்க்கு எழுதியதில் சான்று குறையவில்லை. பொதுமக்களுக்கு எழுதியதில் தெளிவு குறையவில்லை. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதில்தான் அவரது பெருமை தங்கியிருக்கிறது.

பட்டம் பெற்றபின் ஓய்ந்தவரும் அல்லர். அந்த 1972ஆம் ஆண்டிலேயே அவரது தமிழ் இலக்கிய வரலாற்றைச் சாகித்திய அகாதெமி வெளியிட்டது. இன்றும் மாணவர் கையில் இருக்கும் நூல் அது. மதுரைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி வேரூன்றியதும் அவர் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான். கல்லூரிக்குச் செல்ல இயலாமல் தனியே படித்த ஒருவர் தலைமையேற்ற பல்கலைக்கழகம், கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்களின் வீட்டுக்கே பாடங்களை அனுப்பியது. பகலெல்லாம் பணி செய்து இரவில் பாடம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஆத்தூர் போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களும் அவர் நடந்த வழியில் நடந்தவர்களே. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மு.வ. மறைந்தார். துணைவேந்தர் பொறுப்பிலிருந்தபோதே வந்த முடிவு அது. வயது 62.

இன்றைய நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். தமிழாய்வைத் தமிழிலேயே எழுதும் உரிமை இன்று உண்டு; அது போராடிப் பெற்ற பேறு. ஆனால் எழுதிய ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கிலேயே தங்கிவிட்டால் அதனால் யார்க்கு என்ன பயன்? அது ஒருபுறம் உள்ளூர் வாசகரைச் சேர வேண்டும். மறுபுறம் வேற்றுமொழி அறிஞரைச் சேர வேண்டும். இரு திசையிலும் வாயில் மூடிய ஆய்வு, எழுதியவர்க்குப் பதவி உயர்வு தரலாம். மொழிக்கு உயர்வு தராது. கவிதைக்கும் இது பொருந்தும். அரங்கில் கைதட்டல் பெற்றதோடு நின்றுவிடும் கவிதை, அண்டை மாநிலத்தையும் எட்டுவதில்லை.

பத்தாண்டு நிறைவு செய்த இலக்கிய வட்டத்தால் இதில் செய்யக்கூடியது உண்டு. வசிட்ட நதிக் கரையின் வழக்குச் சொற்களையும், மரவள்ளி விளையும் காடுகளின் உழைப்புப் பாடல்களையும், கல்வராயன் மலையின் கதைகளையும் திரட்ட வெளியூரிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு பொருளை ஆராய்ந்து எளிய தமிழில் எழுதலாம். ஆங்கிலமோ பிறமொழியோ அறிந்தவர், ஆண்டுக்கு ஓர் உறுப்பினரின் கவிதைகளை மட்டுமேனும் மொழிபெயர்க்கலாம். இவற்றுக்குப் பட்டம் வருமா என்று கேட்க வேண்டியதில்லை. வித்துவான் தேர்வுக்குத் தனியே படித்த திருப்பத்தூர் இளைஞர் ஊஸ்டர் என்னும் ஊரின் பெயரைக்கூட நினைத்துப் படித்திருக்க மாட்டார். அவர் நினைத்தது அன்றன்று படிக்க வேண்டிய ஏட்டை. பட்டம் தானே வழி கேட்டு வந்தது.

வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் காண்க.