அட்வான்ஸ் பணமும் நம்ம சேமிப்புதான்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குக் கடன் பாக்கி பற்றிப் பேசப் போவதில்லை, பயப்பட வேண்டாம். வாடகை வீடு பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "நமக்குத்தான் ஊரில் ஓட்டு வீடு இருக்கே, வாடகை பேச்சு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். குழுக்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். திருப்பூரில் வீடு பிடிக்க, பிள்ளை படிப்புக்காக டவுனில் வீடு அட்வான்ஸ் கொடுக்க என்று உள்கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும், மகளை நர்சிங் படிக்க வைக்க டவுனுக்குப் போகிறவர்களும் நம் உறுப்பினர்கள்தானே.

குழுவில் 50 ரூபாய் சந்தா கட்டினால்கூட பாஸ்புக்கில் வரவு வைத்தார்களா என்று எட்டிப் பார்க்கிறோம். கையெழுத்து விட்டுப்போனால் சண்டைக்குப் போகிறோம். ரொம்ப நல்ல பழக்கம். அதே நாம் 40,000 ரூபாயை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்காமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். "அவங்க நல்ல மனுஷங்க, எழுதிக் கேட்டா தப்பா நினைப்பாங்க" என்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஓர் அக்கா அப்படித்தான் கொடுத்தார். மாத வாடகை 4,000, அட்வான்ஸ் 40,000. முழுப் பணமும் உள்கடன். நாலு வருஷம் நல்லபடியாகப் போனது. வீட்டுக்காரப் பெரியவர் இறந்துபோனார். மகன் வந்து, "எங்கப்பா 20,000-ன்னுதானே சொன்னார்" என்றார். அந்தப் பையன் பொய் சொன்னாரா, அப்பா நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தாரா, யாருக்கும் தெரியாது. தெரிய வழியே இல்லை, ஏனென்றால் எழுத்து இல்லை. கடைசியில் கையில் வந்தது 20,000-தான். குழுவுக்கு மட்டும் 40,000-மும் வட்டியும் கட்டி முடித்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 40,000-க்கு மாதம் 400 ரூபாய். அப்படியானால் அந்த வீட்டுக்கு வாடகை 4,000 இல்லை, கடன் அடைகிற வரைக்கும் 4,400 வரை ஆகிறது. வாடகையில் 200 குறைக்க மணிக்கணக்கில் பேசுகிற நாம் அட்வான்ஸைக் குறைக்க வாயே திறப்பதில்லை. 10,000 குறைத்தால் மாதம் 100 ரூபாய் மிச்சம். ஆனால், "அட்வான்ஸை 10,000 குறைக்கிறேன், வாடகையில் 300 ஏத்திக் கொடு" என்று சொன்னால் அது நமக்கு நஷ்டம். வாசலிலேயே நின்று விரல்விட்டுக் கணக்குப் போடுங்கள், வெட்கமே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருக்கும் 2017-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து நகரப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. 4,000 வாடகைக்கு 12,000-தான்! ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் நிற்கும். அதனால் படிக்காமல், அல்லது படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்காமல், கையெழுத்து வேண்டாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நம் பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணியை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது கூடாது. இதற்கென்று துணை ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி உண்டு, அவரிடம் மனு கொடுக்கலாம். நடைமுறையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது என்பதும் நிஜம். ஆனால் தெரிந்துகொண்டு பேசுகிறவளுக்கும் தெரியாமல் பேசுகிறவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. குறைந்தபட்சம் எழுத்தாவது வாங்கலாம்.

ஒப்பந்தத்தில் யார் பெயர்? வீட்டுக்காரர் பெயர்தான் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கடன் உங்கள் பெயரில், ஒப்பந்தம் அவர் பெயரில் என்றால் நாளைக்கு அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போவது யார்? இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

குடிபோகிற அன்றைக்கே சுவர் விரிசல், ஒழுகுகிற குழாய், உடைந்த தாழ்ப்பாள், கரண்டு மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர், கூரை, பைப் லைன், வயரிங், வெள்ளையடிப்பு எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்ற சின்ன வேலைகள் நம் பொறுப்பு. பத்து ரூபாய் வாஷருக்காக ஓனரம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், மேலே ஒழுகும்போது அவர் வர மாட்டார்.

திருப்பூர் லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு நாங்கள் சொல்லவே வேண்டியதில்லை. எட்டுக் குடும்பத்துக்கு ரெண்டு கக்கூஸ், தண்ணி விடுகிற நாளில் குடத்தோடு வரிசை. சண்டை பாதி தண்ணியில்தான் வருகிறது. முறை போட்டுக்கொண்ட லைனில் அமைதியாக இருக்கிறார்கள். குழு நடத்தத் தெரிந்த நம்ம பெண்கள்தான் அதை முன்நின்று செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்களுக்குப் பெருமையாக இருந்தது. வாரச் சம்பளக்காரர்களுக்கு ஒரு யோசனை: 4,000 வாடகைக்குச் சனிக்கிழமைதோறும் 1,000 எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். ஐந்து சனிக்கிழமை வருகிற மாதத்தில் அது கரண்டு பில்லுக்கு. வாடகையை முடிந்தவரை செல்போன் வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஊரிலிருந்து தம்பி, கொழுந்தன் வந்து தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே ஓனரிடம் சொல்லிவிடுங்கள். ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறதே என்ற கவலை வேண்டாம், 2020 அக்டோபரிலிருந்து எந்த ரேஷன் கடையிலும் வாங்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்.

ஒத்திக்கு வீடு எடுக்கிறவர்கள் மட்டும் இன்னும் கவனம். மாத வாடகை இல்லை என்று சந்தோஷப்பட்டு லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். அந்த வீடு ஏற்கெனவே பாங்கில் அடமானத்தில் இருந்தால், கடன் கட்டவில்லை என்று பாங்கு வந்து நிற்கும்போது நம் பணம் மாட்டிக்கொள்ளும். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி பங்கு பிரிக்காத வீடென்றால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, "வீடு வேற ஆளுக்குப் பேசியாச்சு" என்று கதவைச் சாத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணவரை இழந்தவர், தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர் என்றால் அதற்கும் ஒரு பார்வை. இது நம் குறை இல்லை, கேட்கிறவர்கள் குறை. நல்ல வாடகைதாரராக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் தனியாக அலைகிற உறுப்பினருக்குக் கூட்டமைப்பு ஒரு கடிதம் கொடுக்கலாம்: இத்தனை வருஷமாக உறுப்பினர், வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டியவர் என்று. அந்த ஊரில் ஏற்கெனவே குடியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் கூடப் போய்ப் பேசலாம். இதைத் தீர்மானமாகப் போட முடியுமா என்று நிர்வாகக் குழு இன்றைக்கே பேசட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வாடகையில் இருப்பவர்களும் பிள்ளைகள் வெளியூரில் வாடகைக்கு இருப்பவர்களும் ஒப்பந்த நகலைக் கொண்டுவாங்க. அது இல்லாதவர்கள் வாடகை நோட்டு, துண்டுச்சீட்டு, கையில் என்ன இருக்கிறதோ எடுத்துட்டு வாங்க. உட்கார்ந்து வரிக்கு வரி படித்துப் பார்ப்போம்.